வீட்டு விளக்கும் வீட்டுக் கணக்கும்

இருளை விலக்குவதற்கு மனிதன் எக்காலத்தும் விலை கொடுத்தே வந்திருக்கிறான். அந்த விலை எண்ணெயாக இருந்ததுண்டு, மண்ணெண்ணெயாக இருந்ததுண்டு, இன்று இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வரும் மின்கட்டணமாக இருக்கிறது. அரிசிக்கும் மீனுக்கும் பேரம் பேசும் நாம், விளக்கின் விலையை மட்டும் ஏனோ கேட்பதேயில்லை. சுவரிலுள்ள விசையைத் தட்டுகிறோம், வெளிச்சம் வருகிறது, அத்தோடு மறந்துவிடுகிறோம். ஆயினும், எந்த விளக்கை எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே அளவான வெளிச்சத்திற்கு ஏழு மடங்கு வரை விலை வேறுபடுகிறது என்பதை அறிந்தால், நம் குடும்பத் தலைவியர் ஒருவரும் வாளாவிருக்க மாட்டார்கள்.

எல்.இ.டி. விளக்கு என்ற பெயர் இன்று சிறுவர்க்கும் தெரிந்ததே. நம் கடலோர ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் ஒன்றிரண்டாவது எரிகின்றன. ஆனால் கூடத்தில் புது விளக்கும், அடுக்களையில் பழைய குண்டு பல்பும், பின்கட்டில் பழைய டியூப் லைட்டுமாகப் பாதி வழியில் நின்றுவிட்ட வீடுகளும் பல. எஞ்சிய பாதியையும் கடப்பது எப்படி, அதனால் உண்மையில் என்ன பயன், எதில் ஏமாறாதிருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

அகலிலிருந்து அரிக்கேன் வரை

முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற நம் கடற்கரையில் புன்னை மரங்களுக்குக் குறைவில்லை. புன்னைக்காயல் என்னும் ஊரின் பெயரிலேயே அம்மரம் நிற்கிறது. புன்னைக்கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெய் நம் முன்னோரின் அகல்களில் எரிந்தது. பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. சிம்னி விளக்கும், காற்றுக்கு அணையாத அரிக்கேன் விளக்கும் குடிசைதோறும் தொங்கின. திருமண வீட்டிலும் திருவிழாத் தெருவிலும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரைந்தன. இரவுத் தொழிலுக்குச் செல்லும் வள்ளங்களிலும் அவை ஏறின.

அந்த விளக்குகளின் கீழ்ப் படித்தவர்களே நம் பெரியோர். புகையால் கண் எரிந்ததையும், கண்ணாடிச் சிம்னியை நாள்தோறும் சாம்பலிட்டுத் துடைத்ததையும் அவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். தாய்மார் ஒரு விளக்கைச் சுற்றியே சமையலையும் பிள்ளைகளின் பாடத்தையும் முடித்தார்கள். ஒளி அரிதாக இருந்த காலத்தில் அதன் அருமையும் தெரிந்திருந்தது.

பின்னர் மின்சாரம் வந்தது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. 210 மெகாவாட் திறனுள்ள அலகுகள் ஐந்தாக வளர்ந்து, அதன் முழுத் திறன் 1,050 மெகாவாட் ஆயிற்று. அதற்கான நிலக்கரி கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி, நம் துறைமுகத்தில் வந்திறங்கியது. ஆகவே, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் தூத்துக்குடி மக்கள் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. கரிக்கப்பலும், உயர்ந்த புகைபோக்கியும், சாம்பல் மேடும் நம் கண்முன்னேயே உள்ளன. ஒரு யூனிட் மின்சாரத்தை உண்டாக்க ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரி எரிய வேண்டும். நாம் வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அந்த அளவு கரியை வீணே சாம்பலாக்கி, அதன் புகையை நாமே மூச்சில் வாங்குவதற்குச் சமமாகும்.

குண்டு பல்பு செய்யும் வேலை

நாம் குண்டு பல்பு என்று வழங்கும் இழை விளக்கு, உண்மையில் ஒரு சிறு அடுப்பு. உள்ளே இருக்கும் மெல்லிய டங்ஸ்டன் இழையை மின்சாரம் பழுக்கக் காய்ச்சுகிறது. காய்ந்த இழை ஒளிர்கிறது. செலுத்தும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கே ஒளியாகிறது. ஏனைய தொண்ணூற்றைந்தும் வெப்பமாகப் போகிறது. எரியும் பல்பைத் தொட்டுக் கைசுட்டவர்கள் இதற்குச் சான்று. சித்திரை வெயிலில் புழுங்கும் வீட்டிற்குள் விலைகொடுத்து வாங்கிய அடுப்பை ஏற்றிவைப்பது போன்றதே இது.

டியூப் லைட் இதனினும் சிக்கனமானது. குழாயினுள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர் எழுகிறது. குழாயின் உட்பூச்சு அதனை வெண்ணொளியாக மாற்றுகிறது. இதன் குறை சோக்கில் இருக்கிறது. 40 வாட் குழாயோடு பழைய செப்புக்கம்பிச் சோக்கும் சேர்ந்தால் செலவு 50 வாட்டைத் தாண்டும். மின்னழுத்தம் குறைந்த மாலை வேளைகளில் அது கண்சிமிட்டிக்கொண்டே நிற்பதையும், ஸ்டார்ட்டரைத் திருகித் திருகி நாம் அலுத்துப்போவதையும் சொல்ல வேண்டியதில்லை. சுருள் வடிவில் வந்த சி.எப்.எல். விளக்கும் இக்குழாயின் தம்பியே. அதனுள்ளும் பாதரசம் உண்டு.

நீல ஒளியின் கதை

எல்.இ.டி. விளக்கில் இழையுமில்லை, ஆவியுமில்லை. அரிசி மணியினும் சிறிய குறைகடத்திச் சில்லு ஒன்றில் மின்சாரம் பாயும்போது, அதிலுள்ள மின்னணுக்கள் தம் ஆற்றலை நேரே ஒளியாக வெளிவிடுகின்றன. இதுவே அதன் தத்துவம்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் சில்லினை 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் என்பவர் செய்து காட்டினார். பின்னர்ப் பச்சையும் வந்தது. ஆயின் வெண்ணொளி வேண்டுமானால் நீலம் வேண்டும். அந்த நீலமோ முப்பது ஆண்டுகள் பிடிகொடுக்கவில்லை. ஜப்பானிய அறிஞர்களான இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நாகமுரா ஆகிய மூவரும் காலியம் நைட்ரைடு என்ற பொருளைக் கொண்டு விடாது முயன்று, 1990-களின் தொடக்கத்தில் ஒளிமிக்க நீலச் சில்லினை உருவாக்கினர். அந்த நீல ஒளியை மஞ்சள் நிறம் தரும் ஒருவகைப் பூச்சின் வழியே செலுத்தியபோது வெண்ணொளி பிறந்தது. இம்மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் அடுக்களையில் எரியும் எளிய விளக்கிற்குப் பின்னால் இத்தனை பெரிய உழைப்பு இருக்கிறது.

பயன் என்ன? 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமென் ஒளி தருகிறது. லூமென் என்பது ஒளியின் அளவு. வாட் என்பது அதற்கு நாம் செலுத்தும் மின்சாரத்தின் அளவு. நல்ல 9 வாட் எல்.இ.டி. விளக்கோ 800 முதல் 900 லூமென் வரை தருகிறது. செலவு ஏழில் ஒரு பங்கு. வெளிச்சமோ சற்று அதிகம்.

முந்நூற்றுப்பத்து ரூபாய் முப்பத்தெட்டு ஆன வரலாறு

இத்துணைச் சிறந்த விளக்கு தொடக்கத்தில் ஏழைகளுக்கு எட்டாததாகவே இருந்தது. விலை குறைந்தால் மக்கள் வாங்குவர். மக்கள் வாங்கினால் விலை குறையும். யார் முதலில் தொடங்குவது என்பதே கேள்வி. மத்திய மின்துறையின் பொதுநிறுவனங்கள் கூடி அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். என்னும் நிறுவனம் அந்த முதலடியை எடுத்து வைத்தது. கோடிக்கணக்கான விளக்குகளை மொத்தமாகக் கேட்டு ஒப்பந்தப்புள்ளி விடுத்தது. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விளக்கு ஒன்றுக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-ஆம் ஆண்டில் 38 ரூபாயாக இறங்கியது. 2015 ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கப்பட்டு 'உஜாலா' எனப் பெயர்பெற்ற திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. அவை மானிய விலையில் விற்கப்பட்டவை அல்ல. மொத்தக் கொள்முதலால் விலை இறங்கியவை என்பது கருதத்தக்கது.

இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,700 கோடி யூனிட் மின்சாரம் மிச்சமாவதாகவும், மாலை நேர உச்சத் தேவையில் 9,500 மெகாவாட் குறைந்ததாகவும் அரசு மதிப்பிடுகிறது. நம் தூத்துக்குடி அனல் நிலையத்தின் முழுத் திறன் 1,050 மெகாவாட் என்று மேலே கண்டோம். அத்தகைய ஒன்பது நிலையங்களைக் கட்டாமலே கட்டியதற்கு இது சமம். வீட்டுக்கு வீடு ஒரு விளக்கை மாற்றிய சிறு செயல்களே இவ்வளவு பெரிய தொகையாகத் திரண்டன. ஒற்றைக்கண்ணியில் மீன் தங்காது. கண்ணி கண்ணியாகச் சேர்ந்த வலையில்தான் தங்கும்.

ஒரு வீட்டின் கணக்கு

நாட்டுக் கணக்கு இருக்கட்டும். வீட்டுக் கணக்கிற்கு வருவோம். பழைய விளக்குகளே உள்ள ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம்.

கூடத்திலும் அறையிலுமாக இரண்டு டியூப் லைட்டுகள். சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 50 வாட். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் எரிகின்றன. இரண்டு மாதத்தில் 36 யூனிட் செலவு.

அடுக்களையில் நான்கு மணி நேரம், திண்ணையில் ஆறு மணி நேரம், பின்கட்டில் இரண்டு மணி நேரம் என எரியும் 60 வாட் குண்டு பல்புகள் மூன்று. இவற்றிற்கு 43 யூனிட்.

மாதா படத்தின் முன்போ படுக்கையறையிலோ இரவெல்லாம் எரியும் 'ஜீரோ வாட்' பல்பு ஒன்று. ஜீரோ என்ற பெயரைக் கண்டு செலவே இல்லை என்று எண்ணுகிறோம். அது 15 வாட் வரை இழுக்கும். நாளுக்கு ஒன்பது மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 8 யூனிட்.

ஆக, வெளிச்சத்திற்கு மட்டும் 87 யூனிட். இவற்றிற்கு மாற்றாக 20 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு இரண்டும், 9 வாட் விளக்கு மூன்றும், அரை வாட் இரவு விளக்கு ஒன்றும் பொருத்தினால் செலவு 21 யூனிட்டாகச் சுருங்கும். மிச்சம் 66 யூனிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 400 யூனிட். நிலக்கரிக் கணக்கில் கால் டன்னுக்கும் மேல்.

தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. மேற்கண்ட வீட்டின் மொத்தச் செலவு 260 யூனிட் என்று கொண்டால், முன்பு 160 யூனிட்டுக்குப் பணம் கட்டியவர் இப்போது 94 யூனிட்டுக்கே கட்டுவார். கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்திருப்பதால், குறையும் யூனிட்டுகள் விலை மிகுந்த மேற்படியிலிருந்தே குறைகின்றன. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். அந்த எல்லையைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும்.

நம் மக்களுக்கு மற்றொரு கணக்கும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மின்கட்டணத்தின் காலமும் இரண்டு மாதமே. படகு கரையில் நிற்கும், வருவாய் நிற்கும், மின்விசிறி மட்டும் கோடையில் நிற்காது. கட்டணச் சீட்டு தடைக்காலம் பார்த்து வருவதில்லை. உப்பளத்தில் மழைக்காலமும் அத்தகையதே. கையில் காசு புழங்கும் மாதத்தில் விளக்குகளை மாற்றிக்கொண்டவர், காசில்லாத மாதத்தில் அதன் பலனை அடைவார்.

விளக்கை மாற்றியும் கட்டணம் குறையவில்லையே!

இப்படிச் சொல்வோரும் உளர். அவர்கள் சொல்வது பொய்யன்று. முன்பே சி.எப்.எல். விளக்கு எரித்தவர் எல்.இ.டி.க்கு மாறினால் மிச்சம் சிறிதே. 100 யூனிட்டுக்குள் அடங்கும் எளிய வீட்டாருக்குப் பணமாக மிச்சம் ஏதும் இராது; பொதுப் பணத்திற்குத்தான் மிச்சம். அவர்களுக்குக் கிடைக்கும் நன்மை, அதே நூறு யூனிட்டுக்குள் மற்றொரு மின்விசிறியோ மிக்சியோ இயக்க இடம் உண்டாவதாகும்.

இன்னொரு காரணம் நம் பழக்கத்தில் இருக்கிறது. 'செலவு குறைந்த விளக்குத்தானே!' என்று ஒன்று எரிந்த இடத்தில் நான்கு எரிக்கிறோம், அணைக்க மறக்கிறோம். சிக்கனம் தரும் பொருளே வீண்செலவுக்குக் காரணமாகிவிடுவதுண்டு.

மூன்றாவது காரணம் மின்விசிறி. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறி நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் ஆகிறது. ஆறு விளக்குகளை மாற்றி நாம் சேமித்த முழுவதையும் ஒரே மின்விசிறி விழுங்கிவிடும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மின்விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. விலை சற்று மிகுதி. ஆகவே முதலில் விளக்கு, அதில் மிச்சமான பணத்தில் மின்விசிறி என்று படிப்படியாகச் செல்வது எளிய குடும்பங்களுக்கு ஏற்றது.

வாங்கும்போது கவனிக்க வேண்டுவன

சந்தையில் தள்ளுவண்டியிலும் எல்.இ.டி. விற்கிறார்கள். உறையே இல்லாத விளக்கு, பெயரே இல்லாத விளக்கு, மூன்றே மாதத்தில் மங்கிவிடும் விளக்கு எல்லாம் உண்டு. ஆகையால் சில அடையாளங்களைப் பார்த்து வாங்குதல் நலம்.

முதலாவது, உறையின் மேல் இந்தியத் தர அமைவனத்தின் குறியும், ஐ.எஸ். 16102 என்ற தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, நட்சத்திரக் குறி. எல்.இ.டி. விளக்குகளுக்கு இது 2018 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. நட்சத்திரம் கூடினால் சிக்கனம் கூடும். மூன்றாவது, வாட்டை மட்டும் பாராமல் லூமென் அளவையும் பார்க்க வேண்டும். ஒரே 9 வாட்டில் ஒன்று 700 லூமெனும் மற்றொன்று 900 லூமெனும் தரலாம். நான்காவது, உத்தரவாதக் காலமும் ரசீதும். 25,000 மணி நேரம் எரியும் என்று அச்சிட்டிருப்பார்கள். நாளுக்கு ஆறு மணி நேரமெனில் அது பதினோரு ஆண்டு. சில்லுக்கு அத்தனை ஆயுள் உண்டு. ஆனால் அதனை இயக்கும் மின்சுற்றிலுள்ள கெப்பாசிட்டர் அதற்கு முன்பே பழுதாகலாம். ரசீதைப் பத்திரப்படுத்தியவர்க்கே மாற்று விளக்கு கிடைக்கும்.

நிறம் காட்டும் திறனும் ஒன்றுண்டு. அதனைச் சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் குறிப்பர். 80-க்குக் குறையாமல் இருத்தல் நலம். மட்டமான விளக்கின் கீழ் மீனின் செவுள் சிவப்பா, பழுப்பா என்று பிரித்தறிய முடியாது. நல்ல மீன் பார்த்து வாங்கத் தெரிந்த நம் பெண்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நம் கடலில் நின்றுபோயிற்று. முத்தின் நிறத்தையும் நீரோட்டத்தையும் விளக்கொளியை நம்பாமல் பகலொளியில் பார்த்தே மதிப்பிடுவது வணிகர் வழக்கம். ஒளி மாறினால் பொருளின் தோற்றம் மாறும் என்பதை முத்து விற்ற ஊர் அறியும்.

உப்புக்காற்றும் வெப்பமும்

கடலோர வீடுகளுக்கென்று தனிக் குறிப்பு ஒன்று. நம் உப்புக்காற்று ஹோல்டரின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். தொடர்பு சரியாக இல்லாவிடில் விளக்கு விட்டுவிட்டு எரிந்து விரைவில் கெடும். புது விளக்கைப் பழைய களிம்பேறிய ஹோல்டரில் மாட்டிவிட்டு விளக்கைக் குறைசொல்வது முறையன்று. ஹோல்டரையும் மாற்றிவிட வேண்டும். திண்ணையிலும் வெளிச்சுவரிலும் நீர் புகாத கூண்டுள்ள விளக்கே ஏற்றது.

எல்.இ.டி.யும் சிறிதளவு சூடாகும். அச்சூடு அதன் அடிப்பாகத்திலுள்ள உலோகத்தின் வழியே வெளியேற வேண்டும். காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவைக்குள் அதனை அடைத்தால் ஆயுள் குறையும்.

டியூப் லைட்டின் பழைய சட்டத்தில் எல்.இ.டி. குழாயைப் பொருத்துவதானால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்க நேரிடும். இதனை மின்பணியாளரைக் கொண்டே செய்க. புதிய பட்டை விளக்கைச் சட்டத்தோடு வாங்குவது எளிது. விசையை அணைத்த பின்னும் விளக்கு மங்கலாக ஒளிர்கிறதா? பேய் பிசாசென்று அஞ்ச வேண்டாம். விசை மின்கம்பியில் இல்லாமல் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அவ்வாறு இருந்தால் விசை அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும், தொடுவோர்க்கு ஆபத்து. உடனே சரிசெய்ய வேண்டும்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் கண்ட பெருவெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதும், பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருளில் கிடந்ததும் மறக்கக்கூடியதன்று. உள்ளேயே மின்கலம் பொருந்திய எல்.இ.டி. விளக்கு ஒன்று வீட்டில் இருந்தால், மின்சாரம் நின்றதும் அது தானே சில மணி நேரம் எரியும். முதியோரும் கைக்குழந்தையும் உள்ள வீடுகளில் இது இன்றியமையாதது.

கண்ணும் உறக்கமும்

வெண்மை மிகுந்தால் வெளிச்சம் மிகுதி என்று எண்ணி, நீலம் கலந்த வெள்ளை விளக்கையே எங்கும் பொருத்துகிறோம். உறையில் 6,500 கெல்வின் என்றிருப்பது இந்த வகை. 2,700 அல்லது 3,000 என்றிருப்பது மாலை வெயில் போன்ற இளமஞ்சள். இரவில் நீல ஒளி மிகுதியாகக் கண்ணில் பட்டால், உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் என்ற சுரப்பு குறைகிறது என்பது மருத்துவ ஆய்வுகள் கண்ட உண்மை. ஆதலின் அடுக்களைக்கும் படிக்கும் மேசைக்கும் வெள்ளை. படுக்கையறைக்கு இளமஞ்சள் எனப் பிரித்துக்கொள்வது நன்று. மட்டமான விளக்குகள் கண்ணுக்குப் புலப்படாமல் துடிக்கும். கைப்பேசியின் காமிராவில் பார்த்தால் கோடுகள் ஓடுவது தெரியும். அத்தகைய விளக்கின் கீழ்ப் பிள்ளைகள் நெடுநேரம் படித்தால் தலைவலிக்கு இடமாகும்.

கழித்த விளக்கை என் செய்வது?

கழற்றிய டியூப் லைட்டையும் சி.எப்.எல். விளக்கையும் தெருமுனையில் எறிவது தவறு. உடைந்தால் பாதரசம் காற்றிலும் மண்ணிலும் கலக்கும். மழைநீரோடு கடலை அடைந்து, மீனின் உடலில் ஏறி, நம் தட்டிற்கே திரும்பும். இதனை உணர்ந்தே பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், சி.எப்.எல். விளக்குகளை 2025-ஆம் ஆண்டோடும், நீள்குழல் விளக்குகளை 2027-ஆம் ஆண்டோடும் உற்பத்தியிலிருந்து விலக்க முடிவு செய்தன. இந்தியாவும் அவ்வுடன்படிக்கையை ஏற்ற நாடு. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் கலந்த மீனை உண்டு முடமானவர்கள் நம்மைப் போன்ற மீனவர் குடும்பத்தாரே என்பதை நினைவில் கொள்வோம்.

வீட்டில் குழாய் உடைந்துவிட்டால் சன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியேறுக. துடைப்பத்தால் பெருக்காமல் தடித்த அட்டையால் வாரி, மூடியுள்ள புட்டியில் இட்டு வைக்க வேண்டும். உடையாத பழைய குழாய்களை மின்னணுக் கழிவு பெறுமிடத்தில் ஒப்படைப்பதே முறை. எல்.இ.டி.யில் பாதரசம் இல்லை. ஆயினும் அதுவும் மின்னணுக் கழிவே.

கடலில் எரியும் விளக்கு

வீட்டிற்கு நன்மை தரும் இதே விளக்கு, அளவு மீறிக் கடலுக்குச் சென்றபோது தீமையாயிற்று. ஆற்றல் மிக்க எல்.இ.டி. விளக்குகளைப் படகில் ஏற்றி, இரவில் கடலைப் பகலாக்கி, ஒளியை நாடிவரும் மீன்களைக் குஞ்சும் குருமானுமாக வாரும் முறை பரவியது. மத்திய அரசு 2017 நவம்பரில் இதற்குத் தடை விதித்தது. வாரியவனுக்கு ஒரு நாள் ஆதாயம். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகும் அடுத்தவனுக்குப் பல நாள் வெறுங்கை. செலவு குறைந்த ஒளி கையில் கிடைத்ததும் அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

கரையிலும் இதே நிதானம் வேண்டும். மன்னார் வளைகுடாவின் கரைகளில் முட்டையிட வரும் ஆமைகளின் குஞ்சுகள், வெளிச்சமான திசையே கடலென்று நம்பி ஊர்பவை. கடலை நோக்கிக் கூசும் விளக்குகள் அவற்றை ஊர்ப்பக்கம் இழுத்துச் சாகடிக்கும். படகுகளுக்கும் இடதுபுறம் சிவப்பு, வலதுபுறம் பச்சை என்ற விளக்கு முறை உண்டு. அலங்காரத்துக்கென அந்நிறங்களைக் கண்டபடி தொங்கவிட்டால் எதிரே வருபவர் திசை தடுமாறுவர். வெளிவிளக்குகள் தரையை நோக்கியிருக்கட்டும். தேவையான நேரம் மட்டும் எரியட்டும்.

கூடிச் செய்தால்

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் பீலிக்கோடு என்னும் ஊராட்சி, இழை விளக்கே இல்லாத ஊராட்சி என்று பெயர் பெற்றது. வீடு வீடாகச் சென்று பழைய விளக்குகளைக் கழற்றி எல்.இ.டி. பொருத்தியதால் அது கைகூடிற்று. நம் பங்குகளிலும் அன்பியங்கள் உண்டு. இளைஞர் குழுக்களும் பெண்கள் சங்கங்களும் உண்டு. தனித்தனியே கடைக்குச் செல்வதைவிட, அன்பியத்தில் இருபது குடும்பங்கள் கூடி நல்ல தரமுள்ள விளக்குகளை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், ஏமாற்றமும் குறையும். நாட்டளவில் 310 ரூபாயை 38 ரூபாயாக்கிய உபாயம் ஊரளவிலும் பலிக்கும். தனியே வாழும் முதியோர் வீட்டில் ஏணி ஏறி விளக்கு மாட்டிக் கொடுப்பது இளைஞருக்கு ஏற்ற அறப்பணி.

உயர்ந்த கூரையுள்ள கோவில்களில் விளக்கு மாற்றுவது சாரம் கட்ட வேண்டிய வேலை. நீண்டநாள் உழைக்கும் விளக்கு அங்கே இரட்டை நன்மை. பனிமய மாதா திருவிழா போன்ற பெருவிழாக்களில் பத்து நாளுக்கு மேல் எரியும் அலங்காரத் தொடர்விளக்குகளிலும் செலவு பெரிதும் குறையும். பீடத்து மெழுகுதிரியின் இடம் மட்டும் வேறு. அதனை எந்த மின்விளக்கும் நிரப்பாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், படைப்பைப் பேணும் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகத் தேவையற்ற விளக்குகளை அணைப்பதையும் சேர்த்துள்ளார் என்பதை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும்.

எங்கே தொடங்குவது என்று மலைக்க வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டைச் சுற்றிவந்து, எத்தனை விளக்கு, எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். அவர்களுக்கு அது நல்ல கணக்குப் பாடம். அதிக நேரம் எரியும் குண்டு பல்பு எதுவோ அதனை முதலில் மாற்றுங்கள். அடுத்த சம்பளத்தில் அடுத்ததை மாற்றுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கட்டணச் சீட்டு வரும்போது பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்சமாவது சிறு தொகையே ஆகலாம். தடைக்கால மாதமொன்றில், பிள்ளையின் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு வாங்கும் காசாக அது கையில் நிற்குமானால், அத்தொகையைச் சிறிதென்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.